பல்பு எரிகிறது, எச்சரிக்கை மட்டும் போகவில்லையா?

கும்பகோணம் செட்டிமண்டபம் பக்கம் இருக்கும் சின்ன ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடை இது. என் பழைய காரின் டாஷ்போர்டில், பல்பு போய்விட்டது என்று காட்டும் எச்சரிக்கை அணையவே இல்லை. பின்னால் போய்ப் பார்த்தால் எல்லா விளக்கும் எரிகிறது. வேறொரு இடத்தில் விளக்குகளைக் கட்டுப்படுத்தும் மாட்யூலையே மாற்றச் சொன்னார்கள்.

இங்கே அண்ணன் முதலில் டெயில் லேம்பைக் கழற்றி ஹோல்டரைக் காட்டினார். கரண்ட் திரும்பிப் போகும் எர்த் முனையில் பச்சைக் களிம்பு, பக்கத்துப் பிளாஸ்டிக் லேசாகக் கருகியிருந்தது. "பல்பு எரியுதான்னு வண்டி பாக்காது தம்பி, எவ்வளவு கரண்ட் போகுதுன்னுதான் பாக்கும்" என்றார். 12 வோல்ட்டில் 21 வாட்ஸ் பிரேக் பல்பு 1.75 ஆம்பியர் இழுக்க வேண்டும். எர்த் கெட்டால் அது குறையும்; உடனே எச்சரிக்கை. எல்.இ.டி. போட்டாலும் இதே கதைதான், அது இழுப்பதே கொஞ்சம். அதற்குக் கூடுதல் கரண்ட் இழுக்க ஒரு ரெசிஸ்டர் வைக்கலாம், ஆனால் நன்றாகச் சூடாகும், பிளாஸ்டிக்கில் ஒட்டவே கூடாது என்றும் சொன்னார்.

அப்புறம் என்னை பிரேக் மிதிக்கச் சொல்லி, எர்த் ஒயரில் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தார். முனையைத் தேய்த்து, ஹோல்டரை மட்டும் மாற்றினார். ஐப்பசி அடைமழை முழுக்க ஓட்டியும் எச்சரிக்கை திரும்ப வரவில்லை. தேவையில்லாத பொருள் எதையும் தலையில் கட்டாத கடை. ஒரே ஆள்தான், கூட்டம் சேரும். காலையிலேயே போய்விடுங்கள்.