வெற்று மாதிரியில் வந்த நைத்திரேற்று: ஒரு விடுதி ஆய்வு முகாம் பற்றிய மதிப்பீடு

கடந்த ஆகஸ்ட் விடுமுறையில் என் தங்கையின் மகள், யாழ்ப்பாணத்தில் மூன்று வாரம் நடந்த விடுதி விஞ்ஞான ஆய்வு முகாம் ஒன்றில் தங்கியிருந்தாள். அவள் உயர்தர உயிரியல் பிரிவில் முதலாம் ஆண்டு மாணவி. இருபத்திரண்டு ஆண்டுகளாக உயர்தர வகுப்புகளுக்கு இரசாயனவியல் படிப்பிக்கிறவள் என்ற உரிமையில், அமைப்பாளர்களிடம் அனுமதி பெற்று, நான்கு நாட்கள் அவர்களுடைய ஆய்வுகூடத்தின் ஒரு மூலையில் அமர்ந்து நானும் பார்த்தேன். கண்ட குறைகளை அவர்களுக்கு முன்னரே கடிதமாகக் கொடுத்துவிட்டதாலும், இரண்டாவது தடவையாக மட்டுமே நடக்கும் சிறு முயற்சி என்பதாலும், முகாமின் பெயரை இங்கே தவிர்க்கிறேன். இத்தகைய முகாமுக்குப் பிள்ளையை அனுப்ப யோசிக்கும் பெற்றோர் எதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இதனை எழுதுகிறேன்.

முப்பது மாணவர்கள், மூவர் கொண்ட பத்துக் குழுக்கள், குழுவுக்கு ஒரு வழிகாட்டி என்பது ஒழுங்கு. வழிகாட்டிகளில் பெரும்பாலானோர் பல்கலைக்கழக இறுதியாண்டு மாணவர்கள் அல்லது அண்மையில் பட்டம் பெற்றவர்கள். சாப்பாட்டுடன் கட்டணம் 25,000 ரூபாய். மீதிச் செலவை வெளிநாட்டிலுள்ள நம்மவர்கள் சிலர் ஏற்றிருந்தனர். காலையில் இடியப்பமும் சொதியும், மதியம் சோறு, இரவில் பெரும்பாலும் புட்டு; சாப்பாட்டைப் பற்றி எந்தப் பிள்ளையும் முறைப்பாடு சொல்லவில்லை. கட்டில்கள் சுமார். நுளம்புவலை கட்டாயம் கொண்டுபோக வேண்டும்.

அமெரிக்காவில் இத்தகைய முகாம்களுக்கு நீண்ட வரலாறு உண்டு. 1959இல் தொடங்கிய ‘சமர் சயன்ஸ் புரோகிராம்’ என்ற முகாமில், மாணவர்கள் மூவர் மூவராகச் சேர்ந்து, தாங்களே தொலைநோக்கியில் எடுத்த படங்களைக் கொண்டு, பூமிக்கு அருகே வரும் சிறுகோள் ஒன்றின் சுற்றுப்பாதையைக் கணிக்கிறார்கள். 1984இல் தொடங்கி, பின்னர் எம்.ஐ.ரி. பல்கலைக்கழக வளாகத்தில் நடைபெற்றுவரும் ‘ரிசேர்ச் சயன்ஸ் இன்ஸ்ரிரியூட்’, தெரிவாகும் மாணவர்களிடம் கட்டணம் வாங்குவதில்லை. இவற்றைப் பார்த்தே நம்முடைய முகாமை வடிவமைத்ததாக ஆரம்ப நாளில் அமைப்பாளர் ஒருவர் சொன்னார். தொலைநோக்கிக்கும் பணத்துக்கும் நாம் எங்கே போவது என்று எனக்குள் எழுந்த கேள்வி அன்று மாலையே அடங்கிவிட்டது. சிறுகோள் பாடத்தின் நுட்பம் தொலைநோக்கியில் இல்லை. செய்முறை ஏற்கெனவே தெரிந்ததாகவும், விடை எந்தப் புத்தகத்திலும் இல்லாததாகவும் ஒரு கேள்வியைத் தெரிந்தெடுப்பதில்தான் இருக்கிறது. நம்மவர்கள் அதற்குக் கிணற்றைத் தெரிந்தெடுத்தார்கள்.

அதைவிடப் பொருத்தமான தெரிவு குடாநாட்டில் இருக்க முடியாது. வற்றாத ஆறு இல்லாத நமக்கு, சுண்ணக்கற் பாறையின் வெடிப்புகளிலும் குகைகளிலும் தேங்கி, உவர்நீரின்மேல் மிதந்துகொண்டிருக்கும் மழைநீரே நன்னீர். மேலே போடும் பசளையும், மலசலகூடக் குழியிலிருந்து கசிவதும் அந்த வெடிப்புகளூடாக விரைவில் இறங்கிவிடும். வலிகாமத்துச் செம்மண்ணில் சின்னவெங்காயமும் உருளைக்கிழங்கும் புகையிலையும் செழிப்பதற்கும், அதே பகுதியின் பல கிணறுகளில் நைத்திரேற்று மிகுந்திருப்பதற்கும் உள்ள தொடர்பை ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறார்கள். குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம் வரையில் நைத்திரேற்று இருக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் அளவு. ஆனால் உரும்பிராயில் இந்த வீட்டுக் கிணற்றில் இந்த ஆகஸ்டில் எவ்வளவு என்று கேட்டால், அளந்து பார்க்காமல் எவராலும் சொல்ல முடியாது. என் பெறாமகளின் குழுவுக்குக் கிடைத்த கேள்வி இதுதான்: கிணற்றின் நைத்திரேற்று அளவைக் கூடுதலாகத் தீர்மானிப்பது தோட்டம் இருக்கும் தூரமா, மலசலகூடக் குழி இருக்கும் தூரமா?

கோண்டாவிலிலிருந்து புத்தூர் வரை பதினெட்டுக் கிணறுகளில் நீர் எடுத்தார்கள். போத்தலை அந்தக் கிணற்று நீராலேயே மூன்று தடவை அலசி, நிரப்பி, பனிக்கட்டிப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்து, புற ஊதா ஒளியில் 220 நனோமீற்றர் அலைநீளத்தில் உறிஞ்சலை அளப்பது முறை. சேதனப் பொருட்களால் வரும் வழுவைத் திருத்த, 275 நனோமீற்றரிலும் ஒரு வாசிப்பு எடுக்க வேண்டும். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, செறிவு தெரிந்த நியமக் கரைசல்களைப் பொற்றாசியம் நைத்திரேற்றில் தயாரித்து வரைபும் கீறியாகிவிட்டது. கோடு நேராகத்தான் வந்தது, ஆனால் வரைபின் உற்பத்தியினூடாக, அதாவது பூச்சியப் புள்ளியினூடாகப் போகவில்லை. காய்ச்சி வடித்த நீர் மட்டுமே உள்ள, நைத்திரேற்றே இருக்கக் கூடாத வெற்று மாதிரியில் நைத்திரேற்று இருந்தது.

இது செவ்வாய்க்கிழமை காலை. மூலையில் இருந்த எனக்குக் கை துருதுருத்தது. எங்கள் பாடசாலையில் என்றால், ஐந்து நிமிடத்தில் நானே வந்து எல்லாவற்றையும் கழுவச் சொல்லி, மணியடிப்பதற்குள் சரியான வரைபைக் கொப்பியில் ஏற்றியிருப்பேன். அந்த வழிகாட்டிப் பையன் வாசிப்பைப் பார்த்தான், தலையைச் சொறிந்தான். “எனக்கும் தெரியேல்லை. நீங்கள் என்ன நினைக்கிறீங்கள்? பார்ப்பம்,” என்று சொல்லிவிட்டு ஒரு கதிரையை இழுத்துப் போட்டு அமர்ந்துவிட்டான். அவன் தெரிந்துகொண்டே நடிக்கிறான் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு தனியாகக் கேட்டபோது, உண்மையாகவே தெரியாது என்றான்.

பிள்ளைகள் முதலில் காய்ச்சி வடித்த நீரைச் சந்தேகித்தார்கள். மருந்துக்கடையில் ஊசி மருந்துக்குரிய தூய நீர் வாங்கி, அதே குடுவையில் ஊற்றி அளந்தார்கள், வாசிப்பு குறையவில்லை. கருவியைச் சந்தேகித்து மணிக்கணக்காக அதனோடு போராடினார்கள். புதன்கிழமை முற்பகலில் என் பெறாமகள், அந்த நீரைக் குடுவையில் ஊற்றாமல், போத்தலிலிருந்து நேரே அளவிடும் கலத்துக்குள் விட்டுப் பார்த்தாள். வாசிப்பு சட்டென்று விழுந்தது. குடுவைகளில்தான் கோளாறு. யார் கழுவியது, எதனால் கழுவியது என்று விசாரித்துக்கொண்டு போனதில், உலோக அயன்களை அளக்கும் வேலைக்கு வழக்கமாகச் செய்வதுபோல, ஆய்வுகூட உதவியாளர் அவற்றை ஐதான நைத்திரிக் அமிலத்தில் ஊறவைத்து ஒரே ஒரு தடவை அலசியிருந்தார் என்பது தெரியவந்தது. நைத்திரேற்றைத் தேடுகிறவர்கள் நைத்திரிக் அமிலத்தில் ஊறிய குடுவையை எடுத்திருக்கிறார்கள்.

இருபத்தொரு நாட்களில் ஒன்றரை நாள் இதற்குப் போனது. இந்த முகாமில் கொடுத்த காசுக்குப் பெறுமதியான பகுதி எது என்று கேட்டால், அந்த ஒன்றரை நாளைத்தான் சொல்வேன். அன்றிரவு அவள் தொலைபேசியில் முதலாவதாகச் சொன்னது, “பெரியம்மா, அந்த அண்ணாவுக்கும் தெரியாதாம்!” என்பதே. அந்தக் குரலில் கொஞ்சம் அதிர்ச்சி, நிறைய மகிழ்ச்சி. கடந்தகால வினாத்தாள்களை விடையோடு பெற்று வளர்ந்த பிள்ளைகள் இவர்கள். ஒரு நாளைக்கு இரண்டு ரியூசன், வார இறுதியில் மூன்று. பாடசாலைகளுக்குப் பரீட்சைகள் நடத்தும் தொண்டைமானாறு வெளிக்கள நிலையம் என்றதும் இவர்களுக்கு வெளிக்களம் நினைவுக்கு வருவதில்லை, பரீட்சைதான் நினைவுக்கு வரும். அது அந்த நிலையத்தின் பிழையன்று, நாங்கள் எல்லோரும் சேர்ந்து வளர்த்துவிட்ட பசி. படிப்பிக்கிறவர் “தெரியாது” என்று சொல்லிவிட்டு எழுந்து போகாமல் பக்கத்திலேயே இருப்பதை இவர்கள் முன்னர் கண்டதில்லை. நானும் அப்படி இருந்ததில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆய்வுகூடத்தில் இவ்வளவு அழகாகப் பொறுத்திருக்கத் தெரிந்த முகாமுக்கு, விடுதியில் எப்போது பொறுத்திருக்கக் கூடாது என்பது தெரியவில்லை. முல்லைத்தீவுப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பிள்ளை, வீட்டைவிட்டு வெளியே தங்குவது அதுவே முதல் தடவை, முதல் நான்கு இரவும் அழுதிருக்கிறாள். இரவு பத்து மணிக்குமேல் தொலைபேசியைச் சேகரித்து வைப்பது விதி. வீட்டுக்காரர் எடுத்தாலும் காலையில்தான் பேசலாம். பதினான்கு பெண்பிள்ளைகளுக்கு இரவில் பொறுப்பாக இருந்தவர்கள் இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதான இரண்டு வழிகாட்டிகள் மட்டுமே. “பழகிவிடுவாள்” என்று அவர்கள் காத்திருந்தார்கள். ஐந்தாம் நாள் அவள் சாப்பாட்டை நிறுத்திய பிறகே வீட்டுக்கு அறிவித்தார்கள். தகப்பன் பஸ் பிடித்து வந்து கூட்டிக்கொண்டு போனார்.

அந்த இரண்டு பெண்களையும் நான் குறை சொல்லவில்லை. அவர்களில் ஒருத்தி அன்று முழுவதும் அழுத கண்ணோடு திரிந்ததைக் கண்டேன். வழிகாட்டிகளுக்கு முகாமுக்கு முன்னர் நடந்த இரண்டு நாள் பயிற்சியில், பரிசோதனை முறைகளுக்கும் தரவு கையாளலுக்கும் நேரமெல்லாம் போய், பதின்வயதுப் பிள்ளைகளின் மனநிலை பற்றி அரைமணி நேரப் பேச்சு ஒன்றே இருந்ததாம். வெற்று மாதிரி பிழைத்தால் இன்னொரு நாள் இருக்கிறது. அழுகிற பிள்ளையை முதலாம் இரவே வீட்டோடு பேச விட வேண்டும், மூத்த பெண் ஒருவர் அருகில் இருக்க வேண்டும் என்பதை யாராவது அவர்களுக்குத் தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும்.

இன்னொரு குறை, எனக்கு இதைவிடக் கசப்பானது. பதினெட்டில் சில கிணறுகள் 50 மில்லிகிராமைத் தாண்டியிருந்தன. புத்தூரில் அப்படியான ஒரு வீட்டில் நான்கு மாதக் குழந்தை இருந்ததைப் பிள்ளைகள் கண்டிருந்தார்கள். நைத்திரேற்று மிகுந்த நீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால் ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளின் குருதி ஒட்சிசனைக் கொண்டுசெல்லும் திறனை இழக்கக்கூடும் என்று வாசித்திருந்ததால், உடனே போய்ச் சொல்ல வேண்டும் என்று துடித்தார்கள். வழிகாட்டி தடுத்தான், மீண்டும் மாதிரி எடுத்து, புதிய நியமக் கரைசலோடு அளந்து உறுதி செய்த பிறகே சொல்லலாம் என்றான். அது சரி. சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரத்தில் எங்கள் சனம் பட்ட பீதியைப் பார்த்தவர்கள், அரைகுறை எண்ணை ஒரு வீட்டு வாசலில் போய்ச் சொல்ல மாட்டார்கள். ஆனால் மூன்றாம் வாரம் உறுதியான முடிவு வந்தபின், பதாகை வந்தது, சான்றிதழ் வந்தது, பிரமுகர்கள் வந்தார்கள். தண்ணீர் தந்த வீடுகளுக்கு ஒருவரும் போகவில்லை. அது யாருடைய வேலை என்று நிகழ்ச்சிநிரலில் எழுதப்பட்டிருக்கவில்லை.

முகாம் முடிந்த சனிக்கிழமை அவளும் நானும் ஸ்கூட்டரில் புத்தூருக்குப் போனோம். கொதிக்கவைத்தால் நைத்திரேற்று போகாது, நீர் ஆவியாக ஆக அதன் செறிவு கூடத்தான் செய்யும், குழந்தைக்கு மட்டும் வேறு நீர் எடுங்கள் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள். அந்த வீட்டு அம்மா தாளை இரண்டு தடவை வாசித்துவிட்டு, “உவர் எண்டால் வாயிலை வைக்கத் தெரியும் பிள்ளை, இது தெரியாதே,” என்றார். நிறமும் மணமும் சுவையும் இல்லாத ஒன்றைப் பற்றி அதைவிடச் சரியாக நானும் சொல்லியிருக்க மாட்டேன்.

இறுதிநாள் அளிக்கைகள் ஆங்கிலத்தில் இருந்ததையும் குறிப்பிட வேண்டும். தமிழில் உயர்தரம் படிக்கும் பிள்ளைகள் மனப்பாடம் செய்த வாக்கியங்களை ஒப்புவித்தார்கள். கேள்வி கேட்டதும் வாயடைத்துப்போனார்கள். அதே கேள்வியை ஒரு நடுவர் தமிழில் திருப்பிக் கேட்டபோது, வெற்று மாதிரிக் கதையை என் பெறாமகள் கையை ஆட்டி ஆட்டி விளக்கினாள். 1847இல் வந்திறங்கிய அமெரிக்க மிசன் மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், மானிப்பாயில் மருத்துவத்தையே தமிழில் படிப்பித்த ஊர் இது. ஆங்கிலப் பயிற்சி வேண்டுமானால் அதற்குத் தனியாக ஒரு மாலை ஒதுக்கலாம்.

மொத்தத்தில், கேள்வியைத் தெரிந்தெடுத்த விதத்துக்கும் ஆய்வுகூட வழிகாட்டலுக்கும் முழுப் புள்ளி கொடுப்பேன். விடுதிப் பராமரிப்பில் சித்தியடைய விடமாட்டேன். அடுத்த ஆண்டு அனுப்ப நினைப்பவர்கள், இரவில் விடுதியில் தங்கும் மூத்த பெண் யார், முதல் வாரத்தில் பிள்ளை எந்நேரமும் வீட்டுக்குப் பேசலாமா, பெறுபேறுகளை வீட்டுக்காரருக்கு யார் கொண்டுபோய்க் கொடுப்பது என்ற மூன்றையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். என் கடிதத்துக்குப் பதில் வந்தது. கிணற்று வீடுகளுக்கு இனி அறிக்கை கொடுப்பதாக உறுதியளித்திருக்கிறார்கள். விடுதிக்கு மூத்த பெண் ஒருவரை நியமிப்பது பற்றி, “பார்ப்போம்” என்று எழுதியிருக்கிறார்கள். என் தங்கையின் இளைய மகளுக்கும் அடுத்த ஆண்டு போக விருப்பம். விண்ணப்பப் படிவத்தை நிரப்பி என் மேசை லாச்சிக்குள் வைத்திருக்கிறேன், இன்னும் அனுப்பவில்லை.