"சும்மா விசாரணைதான்" என்று கூட்டிப்போனால் முதலில் மணியைக் குறித்துக்கொள்ளுங்கள்

என் தம்பிக்கு நடந்ததை எழுதலாமா வேண்டாமா என்று ரொம்ப நாள் யோசித்தேன். வீட்டில் எல்லோருக்கும் தயக்கம். கடைசியில் தம்பியே "எழுதுண்ணா, வேற யாராவது ஏமாறாம இருக்கட்டும்" என்றான். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், பொறுமையாகப் படியுங்கள், படித்துவிட்டு வீட்டில் இருப்பவர்களிடமும் சொல்லுங்கள்.

வண்டி உரசியதில் ஒருவரோடு தம்பிக்கு வாய்த்தகராறு, அப்புறம் கைகலப்பு. தம்பி மேல் தப்பே இல்லை என்று சொல்ல வரவில்லை, இரண்டு பக்கமும் கை ஓங்கியிருக்கிறார்கள். அவர் புகார் கொடுத்துவிட்டார். மறுநாள் சாயங்காலம் மஃப்டியில் இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். சட்டையில் பெயர்ப்பட்டை இல்லை, கையில் ஒரு தாள்கூட இல்லை. "சும்மா ஒரு விசாரணைதான், அரை மணி நேரத்துல அனுப்பிடுவோம்" என்றார்கள். அப்பா "சரிங்க சார்" என்றார். தம்பி செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான். அவன் திரும்பி வந்தது மறுநாள் மத்தியானம் இரண்டு மணிக்கு.

நானும் அப்பாவும் பின்னாடியே ஸ்டேஷனுக்குப் போனோம். வாசலில் பாரா நின்றவர் உள்ளே விடவில்லை. "ஐயா ரவுண்ட்ஸ் போயிருக்காரு, வரட்டும்" என்றார். எட்டு மணி, ஒன்பது மணி, ஒன்பதரை. உள்ளே தம்பி இருக்கிறானா, வேறு எங்காவது கொண்டுபோய்விட்டார்களா என்றுகூடத் தெரியவில்லை. அவன் போனை வாங்கி அணைத்து வைத்துவிட்டார்கள். அம்மா வீட்டிலிருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கூப்பிட்டு அழுதுகொண்டே இருந்தார். 2020இல் சாத்தான்குளத்தில் கடை மூடவில்லை என்று கூட்டிப்போன அப்பாவும் மகனும் பிணமாகத் திரும்பியதைப் பார்த்த ஊரில் எந்த அம்மாவுக்குத்தான் அந்த ராத்திரி தூக்கம் வரும்?

எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு ஒருத்தர் பக்கத்தில் வந்தார். வெள்ளைச் சட்டை, கறுப்பு பேன்ட், கையில் ஃபைல். "நான் அட்வகேட்தான், இந்த ஸ்டேஷன்ல எல்லாரும் நமக்குப் பழக்கம்" என்றார். உள்ளே போய்விட்டு வந்தார், பாரா அவரைத் தடுக்கவே இல்லை. அதைப் பார்த்ததும் எங்களுக்கு நம்பிக்கை வந்துவிட்டது. "பையன் உள்ளதான் இருக்கான். எப்.ஐ.ஆர். போட்டா ரிமாண்ட்தான், அப்புறம் வேலை, பாஸ்போர்ட் எல்லாம் போயிடும். நைட்டு உள்ள இருந்தா என்ன வேணா நடக்கும், நான் சொல்லத் தேவையில்ல. ஐயாகிட்ட நான் பேசிக்கிறேன்" என்றார். நாற்பதாயிரம் கேட்டார், முப்பத்தைந்தில் நின்றது. இருபதாயிரம் ரொக்கமாகக் கொடுத்தோம். மீதியை ஜிபேயில் அவர் சொன்ன நம்பருக்கு அனுப்பினேன், திரையில் வந்த பெயர் அவர் சொன்ன பெயர் இல்லை. அதைக் கவனித்தேன், கவனித்தும் அனுப்பினேன். என் நண்பன் ஒருவனுக்குத் தெரிந்த வக்கீல் இருக்கிறார், கூப்பிடட்டுமா என்று கேட்டதற்கு "வேற வக்கீல் வந்தா ஐயா டென்ஷன் ஆயிடுவாரு, காரியம் கெட்டுடும்" என்றார். இந்த ஒரு வாக்கியத்தை யாராவது உங்களிடம் சொன்னால் அந்த இடத்திலேயே உஷாராகிவிடுங்கள். கைதானவர் தனக்குப் பிடித்த வக்கீலைக் கலந்து பேசலாம் என்பது அரசியலமைப்பின் 22ஆவது பிரிவிலேயே இருக்கிறது. விசாரிக்கும்போது வக்கீலைச் சந்திக்கலாம் என்று பி.என்.எஸ்.எஸ். என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 38ஆவது பிரிவும் சொல்கிறது. விசாரணை முழுக்கப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க முடியாது, ஆனால் சந்திக்கவே கூடாது என்று யாரும் தடுக்க முடியாது.

பணம் கைமாறியும் தம்பி அன்று ராத்திரி வரவில்லை. காலையில் பத்தரை மணிவாக்கில் எங்களை உள்ளே கூப்பிட்டு, ரைட்டர் ஒரு தாளை நீட்டி "இங்க ஒரு கையெழுத்து போடுங்க, பையனை ஜாமீன்ல விட்டுடலாம்" என்றார். அப்பா இரண்டு கையையும் கூப்பிவிட்டு, கண்ணாடிகூடப் போடாமல் கையெழுத்துப் போட்டார். தம்பியிடம் எழுதிய தாள் ஒன்றிலும் எழுதாத வெள்ளைத்தாள் இரண்டிலும் கையெழுத்து வாங்கினார்கள். மத்தியானம் விட்டார்கள். வெளியில் நின்ற அந்த ஆள் "பார்த்தீங்களா, சொன்னபடி முடிச்சுட்டேன்" என்றார். நாங்கள் அவருக்கு நன்றி வேறு சொன்னோம்.

பத்து நாள் கழித்து, நண்பனுக்குத் தெரிந்த அந்த வக்கீலிடம் காகிதங்களைக் கொண்டுபோனோம். அவர் முதலில் எப்.ஐ.ஆரைப் பார்த்தார். பி.என்.எஸ். என்ற புதிய தண்டனைச் சட்டத்தில் 126(2), 296(பி), 115(2). அதாவது வழிமறித்தது, கெட்ட வார்த்தை பேசியது, சாதாரணக் காயம். "இது மூணுமே ஜாமீன்ல விடக்கூடிய குற்றம்ங்க" என்றார். இந்த மாதிரி வழக்கில் கைது செய்தாலும், ஜாமீன் கொடுக்கத் தயார் என்றால் ஸ்டேஷனிலேயே விட்டாக வேண்டும், அது அதிகாரி காட்டும் தயவு கிடையாது, பி.என்.எஸ்.எஸ். 478ஆவது பிரிவு தரும் உரிமை. ஜாமீன் போட ஆள் இல்லாத ஏழையாக இருந்தால் சொந்தப் பிணையிலேயே விட வேண்டும். அந்த உரிமை தனக்கு இருக்கிறது என்பதைக் கைது செய்யும்போதே போலீஸே சொல்லவும் வேண்டும், 47ஆவது பிரிவு. ஒரு பைசா செலவில்லாமல் கிடைக்க வேண்டியதை நாங்கள் முப்பத்தைந்தாயிரம் கொடுத்து வாங்கியிருக்கிறோம். அந்த ஆளுடைய பதிவு எண் என்ன என்று கேட்டார். எங்களுக்குத் தெரியவில்லை, கேட்கவே இல்லை. ஒவ்வொரு வக்கீலுக்கும் பார் கவுன்சில் பதிவு எண் உண்டு, உண்மையான வக்கீல் கேட்டதும் சொல்லிவிடுவார். இவருக்கு அப்படி ஒன்று இல்லவே இல்லை என்பது அப்புறம் விசாரித்ததில் தெரிந்தது.

பணம் போனதைவிட எனக்குப் பெரிய அதிர்ச்சி அடுத்து வந்தது. அப்பா கையெழுத்துப் போட்ட தாளைக் காட்டி "இது என்னன்னு தெரியுமா?" என்று வக்கீல் கேட்டார். அது கைதுக் குறிப்பு, அரெஸ்ட் மெமோ என்பார்கள். அதில் கைது செய்த நேரம் மறுநாள் காலை 10.15, இடம் ஒரு பேருந்து நிறுத்தம். சாட்சிக் கையெழுத்து அப்பாவுடையது. முந்தின நாள் சாயங்காலம் வீட்டிலிருந்து கூட்டிப்போன பிள்ளையை மறுநாள் காலையில் ரோட்டில் பிடித்ததாக எழுதி, அதற்குப் பெற்ற அப்பாவையே சாட்சியாக்கியிருக்கிறார்கள். கிட்டத்தட்ட பதினைந்து மணி நேரம் காகிதத்தில் இல்லவே இல்லை.

இதனால் என்ன வந்துவிடப் போகிறது என்று தோன்றலாம். அந்தப் பதினைந்து மணி நேரத்தில் தம்பியைச் சட்டையைக் கழற்றி உட்கார வைத்திருந்தார்கள், இரண்டு அறை விழுந்திருக்கிறது. நல்லவேளை, அதோடு போயிற்று. இன்னும் மோசமாக ஏதாவது நடந்திருந்தால், "அந்த நேரத்தில் அவன் எங்கள் காவலிலேயே இல்லை" என்று போலீஸ் சொல்லிவிட முடியும், கையில் அப்பாவின் கையெழுத்து வேறு இருக்கிறது. கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்த சட்டம்தான், பயண நேரம் மட்டும்தான் அதில் கழியும். ஆனால் அந்த 24 மணி நேரம் எப்போது தொடங்குகிறது? எழுந்து வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்ல முடியாமல் ஆன நேரத்திலிருந்தே அது காவல்தான் என்று உயர் நீதிமன்றத் தீர்ப்புகள் இருக்கின்றன என்றார் வக்கீல். "விசாரணை" என்ற அந்த ஒரு வார்த்தையை வைத்துத்தான் கடிகாரத்தை நிறுத்திவைக்கிறார்கள்.

டி.கே. பாசு வழக்கில் 1996 டிசம்பரிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது: கைது செய்பவர் பெயர் தெரியும்படி பட்டை அணிந்திருக்க வேண்டும், கைதின் தேதியும் நேரமும் எழுதிய குறிப்பு அந்த நேரத்திலேயே தயாராக வேண்டும், குடும்பத்தினரோ அந்தப் பகுதியில் மதிப்புள்ள ஒருவரோ அதில் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும், கைதானவரும் போட வேண்டும். இப்போது அது பி.என்.எஸ்.எஸ். 36ஆவது பிரிவில் இருக்கிறது. (2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக இதுதான். பழைய 41, 50 என்ற எண்களை மனப்பாடமாக வைத்திருப்பவர்கள் மாற்றிக்கொள்ளுங்கள்.) அந்தச் சாட்சிக் கையெழுத்து இருப்பதே நம்மைக் காப்பாற்றத்தான். அதனால் நேரம் தப்பாக இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். போட்டே ஆக வேண்டிய நெருக்கடி என்றால், பக்கத்தில் உங்கள் கையாலேயே "நேற்று இத்தனை மணிக்கு வீட்டிலிருந்து அழைத்துச் சென்றார்கள்" என்று எழுதிவிட்டு அதன் கீழே போடுங்கள்.

வெள்ளைத்தாளில் எக்காரணம் கொண்டும் கையெழுத்து வேண்டாம். இன்னொன்று எனக்குச் சுத்தமாகத் தெரியாது: விசாரணையில் போலீஸிடம் சொல்வதை அவர்கள் எழுதிக்கொண்டால், சொன்னவர் அதில் கையெழுத்துப் போடவே கூடாது என்றுதான் சட்டம் இருக்கிறது, பி.என்.எஸ்.எஸ். 181ஆவது பிரிவு. போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை நீதிமன்றத்தில் அவருக்கு எதிராக நிரூபிக்கவும் முடியாது. அதனால் "கையெழுத்துப் போட்டாதான் விடுவோம்" என்றால், அமைதியாக "வக்கீலைக் கேட்டுட்டுப் போடறேன் சார்" என்று திரும்பத் திரும்ப அதையே சொல்லுங்கள். குரலை உயர்த்தாதீர்கள், கையைத் தட்டிவிடாதீர்கள், ஓடாதீர்கள். பெயர், முகவரி கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். கோபப்பட்டால் அரசு ஊழியரைப் பணி செய்யவிடாமல் தடுத்ததாக இன்னொரு பிரிவு சேரும், அதற்கு இடம் கொடுக்காதீர்கள்.

வீட்டுக்கு வந்து கூப்பிடும்போது என்ன கேட்டிருக்க வேண்டும் என்று இப்போது தெரிகிறது. கைதா, விசாரணையா? கைது என்றால் காரணம் என்ன, குறிப்பு எங்கே? காரணத்தைச் சொல்லாமல் செய்த கைதே செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2025 பிப்ரவரியில் விஹான் குமார் வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. விசாரணை என்றால் எழுத்தில் நோட்டீஸ் எங்கே? ஏழு வருடம் வரை தண்டனை உள்ள குற்றங்களில் எடுத்த எடுப்பில் கைது செய்யக் கூடாது என்று 2014இல் அர்னேஷ் குமார் தீர்ப்பு வந்தது, அவசியம் இல்லாதபோது நேரில் வரச் சொல்லும் பி.என்.எஸ்.எஸ். 35(3) நோட்டீஸ்தான் கொடுக்க வேண்டும். அந்த நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்புவதும் செல்லாது. நோட்டீஸ் வந்தால் சொன்ன நாளில் கட்டாயம் போங்கள், போகாமல் இருந்தால் அதுவே கைதுக்குக் காரணமாகிவிடும்.

வக்கீலைப் பார்த்து ஒரு வாரம் கழித்து அம்மாவையும் சாட்சி சொல்ல ஸ்டேஷனுக்கு வரச் சொன்னார்கள். அதற்குள் விவரம் தெரிந்துவிட்டதால் "179ஆவது பிரிவுப்படி பெண்களை வீட்டிலேயே வந்துதான் விசாரிக்கணும் சார்" என்றேன். எதிர்ப்பக்கம் கொஞ்ச நேரம் பேச்சில்லை, அப்புறம் ஒரு பெண் ஏட்டு வீட்டுக்கே வந்து கேட்டுக்கொண்டு போனார். பதினைந்து வயதுக்குக் குறைந்த பையன்கள், அறுபது தாண்டியவர்கள், கடுமையாக உடல்நலம் பாதிக்கப்பட்டவர்கள், மாற்றுத்திறனாளிகள் எல்லோருக்கும் இது பொருந்தும். பெண்களைச் சூரியன் மறைந்த பிறகு உதிக்கும்வரை கைது செய்யக் கூடாது என்பதையும் சேர்த்து ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். தவிர்க்கவே முடியாத நிலை என்றால் பெண் அதிகாரி, மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதி, இரண்டும் வேண்டும்.

கைதானதும் டாக்டர் பரிசோதனை நடக்க வேண்டும், தம்பிக்கு நடக்கவில்லை. வாங்கி வைத்த போனுக்கு ரசீது தர வேண்டும், தரவில்லை. மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தினால், அடித்திருந்தால் அங்கேயே வாய்விட்டுச் சொல்லுங்கள், பயந்து தலையை ஆட்டிவிட்டு வந்துவிடாதீர்கள். கையில் காசில்லை என்றால் 15100க்கு அழையுங்கள், சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் நம்பர் அது. காவலில் இருப்பவருக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவசமாக வக்கீல் கிடைப்பார். அன்று ராத்திரி ஸ்டேஷன் வாசலில் நின்ற எங்களுக்கு இந்த ஐந்து இலக்க நம்பர் தெரியாமல் போனதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

எங்களிடம் மிஞ்சியிருக்கும் ஆதாரம் ஒன்றே ஒன்றுதான், அதுவும் தற்செயலாக வந்தது. தம்பியை வண்டியில் ஏற்றியதும் என் மனைவி குடும்பக் குழுவில் "தம்பியை ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போய்ட்டாங்க, ரெண்டு பேர், வண்டி நம்பர் இது" என்று அனுப்பியிருந்தாள். நேரம் 7.42. இதை வேண்டுமென்றே செய்யுங்கள், யாரையாவது கூட்டிப்போன அந்த நிமிடமே மூன்று பேருக்காவது இப்படி அனுப்பிவிடுங்கள். ஸ்டேஷன்களில் கேமரா வைத்து 18 மாதப் பதிவு வைத்திருக்க வேண்டும் என்று 2020இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. அந்த இரவின் பதிவை அழிக்காமல் வைக்கச் சொல்லி எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் மனு கொடுத்தோம், மாநில மனித உரிமை ஆணையத்துக்கும் புகார் அனுப்பியிருக்கிறோம். ஆணையத்துக்கு ஒரு வருடத்துக்குள் போய்விட வேண்டும், தள்ளிப்போடாதீர்கள். ஜிபேயில் பணம் வாங்கிய நம்பரின் மேல் தனியாகப் புகார் கொடுத்திருக்கிறோம். அந்தப் பணம் திரும்ப வருமா என்று தெரியவில்லை.

ஆணையத்திலிருந்து விசாரணைக்குத் தேதி வந்திருக்கிறது. அந்தக் கையெழுத்தை எப்படி வாங்கினார்கள் என்று தானே வந்து சொல்கிறேன் என்று அப்பா சொல்லியிருக்கிறார். 7.42 மெசேஜை பிரிண்ட் எடுத்து, அரெஸ்ட் மெமோவின் நகலோடு சேர்த்துக் குத்தி, அவருடைய கண்ணாடிக் கூட்டுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்.