சந்தா கட்டுவதா, டிஸ்க் வாங்குவதா? சுங்கை சிப்புட்டிலிருந்து ஓர் அனுபவம்

டிஸ்க் போடும் வகை பிளேஸ்டேஷன் 5 (பிஎஸ்5) விளையாட்டுக் கருவி வைத்திருக்கிறேன். சில வருடங்களாக அதன் பிளேஸ்டேஷன் பிளஸ் சந்தாவும் கட்டுகிறேன், டிஸ்க்கும் வாங்குகிறேன். சந்தாவே லாபம் என்று கோலாலம்பூர்க்காரர்கள் போடும் கணக்கு நம்மைப் போன்ற தோட்டப்புற ஊர்களுக்கு அப்படியே பொருந்துவதில்லை.

சந்தாவில் உள்ள நியாயம் பெரியது. புது டிஸ்க் பெரும்பாலும் 200 வெள்ளியைத் தாண்டிவிடுகிறது. பிளேஸ்டேஷன் பிளஸ் 2022-இல் மூன்று படிகளாகப் பிரிந்த பிறகு, நடுப்படியான எக்ஸ்ட்ரா எடுத்தால் நூற்றுக்கணக்கான விளையாட்டுகள் திறந்துகொள்ளும். பள்ளி விடுமுறைக்கு அக்கா பிள்ளைகள் வந்தால் எங்கள் வீட்டில் அதுதான் ஓடும். எதையும் அரை மணி நேரம் ஆடிப் பார்த்துவிட்டு, "மாமா, வேற போடுங்க" என்பார்கள். அவர்களுக்காகத் தனித்தனியாக டிஸ்க் வாங்கிக் கட்டுப்படியாகாது.

ஆனால் நான் ஆடும் விதம் வேறு. ஷிப்ட் வேலை, ஞாயிற்றுக்கிழமை கோயில், அப்புறம் ஏதாவது ஒரு விசேஷம். ஒரு நீண்ட கதை விளையாட்டை முடிக்க எனக்கு மாதக்கணக்கில் ஆகும். சந்தாப் பட்டியல் அதுவரை காத்திருக்காது. ஜிடிஏ 5 என்ற விளையாட்டு எக்ஸ்ட்ராவுக்கு 2023 டிசம்பரில் வந்தது, 2024 ஜூனில் போய்விட்டது. வேகமாக ஆடுகிறவர்களுக்கு ஆறு மாதம் தாராளம், என்னைப் போன்றவர்களுக்குப் போதாது. மெதுவாக ஆடுகிறவர் கட்டும் பணத்துக்கு உண்மையில் கிடைப்பது குறைவு என்பதே என் முடிவு.

இணைய லைனும் ஒரு காரணம். பெரிய விளையாட்டுகள் 100 ஜிபிக்குப் பக்கத்தில் போகின்றன. எங்கள் பக்கம் லைன் மெதுவாக இருக்கும் நாட்களில் அதை இறக்க இரவு முழுக்க விட்டு வைக்க வேண்டும். டிஸ்க்கில் பெரும்பகுதி நேரடியாக ஏறிவிடும், அப்டேட் மட்டும்தான் இறங்க வேண்டும். முடித்த பிறகு தம்பி முறைப் பையன்களிடம் கொடுக்கலாம், ஈப்போவில் பழைய டிஸ்க் எடுக்கும் கடையில் மாற்றவும் செய்யலாம்.

டிஸ்க் கையில் இருந்தால் விளையாட்டு நமக்கே சொந்தம் என்றும் நினைத்துவிட வேண்டாம். 2014-இல் வந்த தி க்ரூ முழுக்க இணையத்தை நம்பிய விளையாட்டு. 2024 மார்ச் 31-இல் அதை வெளியிட்ட யூபிசாஃப்ட் நிறுவனம் சர்வரை மூடியதும் டிஸ்க் வைத்திருந்தவர்களாலும் ஆட முடியவில்லை. காசு கொடுத்து வாங்கிய பொருளை இப்படி முடக்குவது பெரிய அநியாயம். அதனால் லைன் இல்லாமல் தனியாக ஆட முடியுமா என்று பார்த்த பிறகே நான் டிஸ்க் வாங்குகிறேன். கணினியில் ஆடுகிறவர்கள் ஜிஓஜி என்ற இணைய விளையாட்டுக் கடைப் பக்கம் போகலாம். அங்கே இறக்கிய ஃபைலைத் தனி ஹார்ட் டிஸ்க்கில் போட்டு வைத்துக்கொள்ளலாம்.

இவ்வளவுக்குப் பிறகும் நான் சந்தாவை முழுசாக விடவில்லை. பேராக்கின் சாயங்கால மழையும் இடியும் தெரியும்தானே! பிஎஸ்5 விளையாட்டுகளில் எதுவரை ஆடினோம் என்று பதிந்திருக்கும் சேவ் ஃபைலைப் பென்டிரைவில் எடுத்து வைக்க வழியில்லை. இடியில் கருவி போனால் ஆடியதெல்லாம் போச்சு. அந்த ஃபைலை இணையத்தில் ஏற்றி வைக்கும் கிளவுட் சேவ் அடிப்படைப் படியான எசென்ஷியலிலேயே கிடைக்கிறது. அதை மாதாமாதம் கட்டுகிறேன், விடுமுறை மாதத்தில் மட்டும் எக்ஸ்ட்ராவுக்கு ஏறுகிறேன். வருடச் சந்தா கட்டியவர்கள் இப்படி ஒரு மாதத்துக்கு மட்டும் ஏற முடியாது. மீதிக் காலம் முழுவதற்கும் வித்தியாசத்தைக் கட்டச் சொல்லும். விலை மலிவாகத் தெரிகிறதே என்று வருடத்துக்குக் கட்டும் முன் இதை யோசியுங்கள்.

பழைய டிஸ்க் வாங்கினால் அடிப்பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்துக் கீறல் பாருங்கள். பெட்டிக்குள் கூடுதல் பொருள்களைத் திறக்கக் கொடுத்திருக்கும் கோட் எண் ஒரு முறைதான் வேலை செய்யும். முதல் ஆள் அதைப் போட்டிருப்பார் என்று வைத்துக்கொண்டே விலை பேசுங்கள்.