சுவர் ஓவியமா, கம்பிப் பந்தலா?

எங்கள் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் ஒன்று முதல் மூன்று வரையான வகுப்புகளுக்கு ஒரே அறை, 22 பிள்ளைகள். 2017 கோடை விடுமுறையில், முன்னாள் மாணவர் ஒருவர் கொடுத்த 18,000 ரூபாயில் அந்த அறையின் நான்கு சுவர்களிலும் ஓவியம் தீட்டினோம். ஐந்தாறு ஆண்டுகள் கழித்து, 640 ரூபாய்க்குக் கட்டுக்கம்பியும் துணி கிளிப்புகளும் வாங்கி அதே அறையில் பிள்ளைகளின் தாள்களை மாட்டக் கம்பிப் பந்தல் கட்டினேன். இரண்டோடும் குடித்தனம் நடத்தியாயிற்று. என் ஓட்டு பந்தலுக்குத்தான்.

ஃப்ளெக்ஸ் படங்களைப் பற்றியும் கேட்பார்கள். மலிவு, கண்ணைக் கூசும் பளபளப்பு, அவ்வளவுதான்.

ஓவியத்துக்கு உரிய பெருமையைக் கொடுத்துவிடுகிறேன். ஜூன் மாதத்தில் சேர்க்கைக்கு வரும் பெற்றோரை முதலில் இழுப்பது சுவர்தான். பள்ளிக் கட்டடத்தையே ரயில் பெட்டி போலத் தீட்டிவைப்பதும் இதற்காகத்தான். அம்மாவின் முந்தானையை விடாமல் அழுத குழந்தை, சுவரில் இருக்கும் யானையைப் பார்த்து வாயை மூடியதை நானே பார்த்திருக்கிறேன். அந்த முதல் நாளில் பந்தல் எதையும் சாதிக்காது. வெறும் கம்பியைக் கண்டு எந்தக் குழந்தை சிரிக்கும்?

ஆனால் பள்ளிக்கு 200 நாளுக்கு மேல் வேலை நாட்கள் இருக்கின்றன. மாற்ற முடிகிறதா, முடியவில்லையா என்ற ஒரே கேள்வியில் ஓவியம் தோற்றுவிட்டது.

எங்கள் ஓவியர் அப்போதைய முதல் வகுப்புப் புத்தகத்தைப் பார்த்துத்தான் படங்களை வரைந்தார். மறு ஆண்டே, 2018-இல், முதல் வகுப்புக்குப் புதுப் புத்தகம் வந்துவிட்டது. சுவர் ஒரு பாடம் சொல்ல, புத்தகம் வேறு பாடம் சொன்னது. 2022-இல், ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை அடிப்படை எழுத்தும் கணக்கும் கற்பிக்கும் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வந்தது. பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலைவாரியாக உட்காரவைக்க வேண்டும், அட்டைகளை மாட்ட வேண்டும். இடமேது? மயிலின் கழுத்தில் ஆணி அடித்தோம்.

அந்த மயிலுக்கு வேறு கதையும் உண்டு. ஓவியர் அதன் கீழே ‘மயிள்’ என்று எழுதிவைத்துவிட்டார். எனாமல் வண்ணம், லேசில் போகாது. மேலே பூசினால் திட்டாகத் தெரியும் என்று நாளைக் கடத்தினேன். ஒரு நாள் சொல்வது எழுதுதலில் இரண்டாம் வகுப்புப் பையன் அதையே எழுதியிருந்தான். சுழித்துக் காட்டியதும், “டீச்சர், சுவரில் அப்படித்தானே இருக்கிறது?” என்றான். பதில் சொல்ல வாய் வரவில்லை. அன்று மாலையே தூரிகையை எடுத்தேன். திட்டு இன்றும் தெரிகிறது. போதாக்குறைக்கு, ஐப்பசி அடைமழையில் ஓதம் ஏறி மேற்குச் சுவரில் செதில் செதிலாக உரிகிறது.

கம்பிப் பந்தல் என் கண்டுபிடிப்பு இல்லை. அட்டைகளை வைத்துப் பிள்ளைகள் தாமே செய்து படிக்கும் செயல்வழிக் கற்றல் 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி 2007-இல் மாநிலம் முழுக்கப் பரவியபோது அதோடு வந்தது. கூரைக்குக் கீழே குறுக்கும் நெடுக்குமாகக் கம்பி, அதில் பிள்ளைகள் வரைந்தவை. காலப்போக்கில் மாட்டுவாரின்றித் துருப்பிடித்து நின்ற பந்தல்களையும் பார்த்திருக்கிறேன். காரணம் உயரம் என்பது என் கணிப்பு. ஆசிரியர் நாற்காலியில் ஏறினால்தான் தாள் மாறும். மின்விசிறியைப் போட்டால் எல்லாம் படபடக்கும்.

அதனால் பந்தலைத் துணி உலர்த்தும் கொடி போல இறக்கினேன். சுவரோரமாக மூன்றடி உயரத்தில் ஒரே கம்பி, ஆளுக்கொரு கிளிப், அதில் பெயர். கீழே ஏற்கெனவே பிள்ளைகள் எழுதும் கீழ்மட்டக் கரும்பலகை இருந்ததால் வரைவது, எழுதுவது, மாட்டுவது எல்லாம் அவர்கள் கை எட்டும் தூரத்திலேயே முடிந்தது.

முதல் மாதம் நானே கெடுத்தேன். அழகான தாள்களை மட்டும் பொறுக்கி மாட்டியதில், திரும்பத் திரும்ப அதே ஐந்து பெயர்கள். மற்ற கிளிப்புகள் வெறுமனே தொங்கின, அவற்றில் பெயர் வேறு இருந்தது. பிறகு எதை மாட்டுவது என்பதை அவரவரிடமே விட்டுவிட்டேன். வெள்ளிக்கிழமை பிற்பகல் கழற்றுவது, திங்கள் காலை மாட்டுவது. ஒரு சிறுமி சிவப்பு மை நிறைந்த கணக்குத் தாளை மாட்டினாள். ஏன் என்றால், “இதில்தான் டீச்சர் நிறைய எழுதியிருக்கிறீர்கள்” என்கிறாள்! கழற்றிய தாள்கள் பிள்ளைக்கொரு கோப்பில் சேர்கின்றன. பெற்றோர் வந்தால் ஜூன் தாளையும் டிசம்பர் தாளையும் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறேன். மதிப்பெண் பட்டியலைவிட அதைத்தான் அதிக நேரம் பார்க்கிறார்கள்.

அறையை நிறைத்துவிடக் கூடாது என்பதும் உண்டு. அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், அலங்காரம் மிகுந்த வகுப்பறையில் மழலையர் அதிகம் கவனம் சிதறினார்கள், கற்றதும் குறைந்தது. 24 குழந்தைகள், சில பாடங்கள்தான். அதை வைத்துச் சட்டம் போட முடியாது. பந்தலிலும் 22 தாள் ஆடத்தான் செய்கிறது, அதனால் நான் எழுதும் பெரிய கரும்பலகை இருக்கும் சுவரில் மட்டும் எதுவும் மாட்டுவதில்லை.

40, 50 பிள்ளைகள் உள்ள அறையில் இது நடக்குமா என்று உறுதி சொல்ல மாட்டேன். ஆறாம் வகுப்புக்கு மேல் நான் கற்பித்ததில்லை. அந்த வயதில் தன் தாள் தொங்குவதே கூச்சமாகவும் இருக்கலாம்.

வரும் மே மாதம் உள்சுவர்களுக்கு வெள்ளையடிக்கப் பள்ளி மேலாண்மைக் குழுவில் பேசியாயிற்று. ஓவியம் இனி வெளிச்சுவருக்கு மட்டும். யானையை மட்டும் விட்டுவைக்கச் சொல்லிப் பிள்ளைகள் கெஞ்சியதால் அது நிற்கும், வால் பக்கம் ஏற்கெனவே உதிர்ந்துவிட்டது என்றாலும்.