மார்க்கா ட்ரெக்குக்கு முன்னாடி ஷாம் வேலி ஹோம்ஸ்டே நடை – போயிட்டு வந்தவன் ரிவ்யூ

போன ஆகஸ்ட் கடைசில நானும் மச்சானும் லடாக் போயிட்டு வந்தோம். மார்க்கா வேலி ட்ரெக் தான் மெயின், ஆனா இந்த ரிவ்யூ அத பத்தி இல்ல, அதுக்கு முன்னாடி உடம்பு உயரத்துக்கு பழகணும்னு ஷாம் வேலில மூணு ராத்திரி ஹோம்ஸ்டேல தங்கி நடந்தோம்ல, அத பத்தி. எங்க ஊரு கோயம்புத்தூர்ல இருந்து இப்ப நிறைய பேரு இமயமலை ட்ரெக் கிளம்புறாங்க, என்கிட்ட வந்து கேக்குற முத கேள்வியே "மொத்தம் எத்தன நாள் ஆகும், லீவு கம்மியா தான் இருக்கு"ங்கறது தான். அப்படி லீவ கணக்கு பண்ணி போய் நாங்க ஏற்கனவே ஒரு தடவ நல்லா பட்டுட்டோம், அதனால கொஞ்சம் விவரமாவே எழுதுறேன்.

ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு கம்பெனில பேக்கேஜ் எடுத்தோம், பேர் வேண்டாம். முத நாள் டெல்லில இருந்து பிளைட்ல லே, ரெண்டாவது நாளே கார்ல கர்துங் லா கணவாய்க்கு (லான்னா கணவாய்) கூட்டிட்டு போனாங்க, 5,359 மீட்டர், பிளான்ல அத போட்டு "உயரத்துக்கு பழகும் நாள்"னு எழுதியிருந்தாங்க, நாங்களும் நம்பிட்டோம். மூணாவது நாள் சில்லிங்ல இருந்து நடை ஆரம்பம், ஸ்கியூ, மார்க்கா, ஹன்கர்னு போயி ஹன்கர்ல இருந்து ஒரே நாள்ல நிமாலிங். ஹன்கர் சுமார் 4,000 மீட்டர், நிமாலிங் 4,800 பக்கம். மச்சானுக்கு காலைலயே தலவலி, வழில ரெண்டு தடவ வாந்தி, வெயில்னு நெனச்சிக்கிட்டோம். சாயங்காலம் டென்ட் வாசல்ல உக்காந்து ஷூ லேச அவுக்க பாக்குறாரு, விரல் முடிச்சு மேல தான் இருக்கு, ஆனா எந்த நுனிய இழுக்கணும்னு தெரியாம அப்படியே பாத்துக்கிட்டே இருக்காரு. எந்திரிச்சு நாலு அடி நேரா நடங்கன்னா ஒரு பக்கமா சாயறாரு. கூட வந்த லீடர் தம்பி "தூங்கி எந்திரிச்சா சரியாயிடும் சார்"னு சொல்லுது. குதிரைக்காரர் ஒருத்தர், வயசானவர், டீ டம்ளர கீழ வச்சிட்டு இந்தில சொன்னாரு, காலைல வரைக்கும் வைக்காதீங்க, இப்பவே எறக்குங்கன்னு. அவர் குதிரையே குடுத்து அவரே கூட வந்தாரு. ஹன்கர் வந்து சேர ராத்திரி ஒம்பதரை, பாதி வழியிலயே மச்சான் பேச்சு தெளிவாயிடுச்சு, மறுநாள் டீ குடிச்சாரு. அந்த தள்ளாட்டம் மூளைல வீக்கம் ஆரம்பிக்கறதோட அடையாளம், மாத்திரை போட்டு காத்திருக்குற விஷயம் இல்ல, உடனே கீழ எறங்கணும்னு லே வந்தப்பறம் டாக்டர் எடுத்து சொன்னாரு. அந்த குதிரைக்காரர இன்னைக்கும் எங்க வீட்ல பேசுவோம்.

அதனால இந்த தடவ பேக்கேஜே வேண்டாம்னு லே-ல லோக்கல் ஆளுங்க நடத்துற ஒரு சின்ன ஏஜென்சிகிட்ட நேரா பேசினோம். நான் கேட்டது ஒண்ணு தான், "நாங்க சும்மா இருக்குற நாள் எத்தன போட்டிருக்கீங்க?" அவரு சொன்ன பிளான்: லே-ல ரெண்டு நாள் ஒண்ணுமே பண்ணாம இருக்கணும், அப்பறம் ஷாம் வேலில மூணு நாள் நடை, திரும்ப லே-ல ஒரு ராத்திரி, அப்பறம் மார்க்கா, அதுலயும் ஹன்கருக்கும் நிமாலிங்குக்கும் நடுவுல தச்சுங்ட்சேல ஒரு ராத்திரி. தச்சுங்ட்சே 4,250 பக்கம். அந்த ஒரு ராத்திரிய சேத்தாரு பாருங்க, அப்பவே எனக்கு இவரு மேல நம்பிக்கை வந்துடுச்சு. 3,000 மீட்டருக்கு மேல போனா படுக்குற உயரத்த ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல ஏத்தக்கூடாது, மூணு நாலு நாளைக்கு ஒருக்கா ஒரு நாள் நிக்கணும்னு தான் மலை மருத்துவம் பாக்குறவங்க எல்லாரும் சொல்றது. பகல்ல எவ்வளவு ஏறினோம்ங்கறத விட ராத்திரி எங்க தலைய சாய்க்கறோம்ங்கறது தான் கணக்கு.

முத ரெண்டு நாள் லே. 3,500 மீட்டர், கடலோரத்துல இருக்குற காத்தழுத்தத்துல மூணுல ரெண்டு பங்கு தான் அங்க இருக்கு. மாடிப்படி ஒரு தடவ ஏறினா நெஞ்சு படபடன்னு அடிக்குது. உள்ள நடக்கறது என்னன்னா, ஆக்சிஜன் பத்தலன்னு மூச்சு வேகமாகுது, அதுல கார்பன் டை ஆக்சைடு நிறைய வெளிய போயிடுது, ரத்தம் காரத்தன்மை பக்கம் சாயுது, உடனே மூச்ச கொறைன்னு மூளை சொல்லுது, அதனால தான் ராத்திரி தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு வந்து திடுக்குன்னு முழிச்சிக்கறோம். கிட்னி மெதுவா பைகார்பனேட்ட சிறுநீர்ல தள்ளி இத சரி பண்ணுது, அதுக்கு நாள் கணக்குல டைம் வேணும், பணம் குடுத்து அத வேகமாக்க முடியாது. ரத்தத்துல சிவப்பணு ஏறுறதெல்லாம் வாரக்கணக்கு. அதனால பாத்ரூம் அடிக்கடி போறீங்கன்னா பயப்படாதீங்க, உடம்பு வேலை செய்யுதுன்னு அர்த்தம்.

மச்சானுக்கு போன தடவ அனுபவம் இருக்கறதால ஊர்லயே டாக்டர பாத்து டயமாக்ஸ், உயரத்துக்கு உடம்பு பழக உதவுற மாத்திரை, எழுதி வாங்கினோம், 125 மில்லிகிராம் காலைல ஒண்ணு ராத்திரி ஒண்ணு, லே போறதுக்கு முந்தின நாளே ஆரம்பிச்சாரு. விரல் நுனியெல்லாம் மதமதன்னு இருக்குன்னாரு, அது அந்த மருந்தோட வழக்கமான சைட் எபெக்ட் தான். சல்பா அலர்ஜி இருக்கறவங்க கண்டிப்பா டாக்டர்கிட்ட சொல்லிடுங்க. மாத்திரை போட்டாச்சு அதனால ஒரு நாள் கொறைச்சிக்கலாம்னு மட்டும் தயவுசெஞ்சு நினைக்காதீங்க.

மூணாவது நாள் காலைல கார்ல லிகிர், லே-ல இருந்து ரெண்டு மணி நேரத்துக்குள்ள தான். மடாலயத்துக்கு வெளிய 1999-ல வச்ச பெரிய மைத்ரேய புத்தர் சிலை, 23 மீட்டர், தங்க நிறத்துல வெயில்ல கண்ணு கூசுது. அங்கிருந்து போபே லா, சரட்சே லான்னு ரெண்டு சின்ன கணவாய் தாண்டி யங்தாங். அடுத்த நாள் அங்கிருந்து ஹெமிஸ் சுக்பாசன், அதுக்கடுத்த நாள் மெப்தக் லா வழியா தெமிஸ்கம். ஒரு நாளைக்கு நாலு மணி நேரத்துக்கு மேல நடை இல்ல, எந்த கணவாயும் 4,000 தொடறதில்ல. அங்க இத குழந்தைங்க ட்ரெக்னு சொல்றாங்க, ஆனா வெயில் குழந்தைத்தனமா இல்ல, வழி முழுக்க மரம் கெடையாது, தண்ணி ரெண்டு லிட்டர் பத்தல, மூணு எடுத்துக்கங்க. கூட வந்த கைடுக்கு அம்பது வயசு இருக்கும், ஆச்சோ-லேன்னு கூப்பிட்டோம், லடாக்கில அண்ணனுக்கு அப்படி தான் சொல்றாங்க. அவர் வேகத்துல நாங்க நடக்கணும்னு இல்லாம எங்க வேகத்துல அவர் நடந்தாரு, பேசிக்கிட்டே ஏற முடியலன்னா நீங்க வேகமா போறீங்கன்னு அர்த்தம், நில்லுங்கன்னாரு. அது ஒண்ண தான் மார்க்கா முழுக்க பிடிச்சிக்கிட்டோம்.

தங்கின வீடுகள்ல எனக்கு ரொம்ப பிடிச்சது ஹெமிஸ் சுக்பாசன் தான். ஊரு பேருலயே சுக்பா இருக்கு, அப்படின்னா ஜூனிபர் மரம், ஊருக்கு பக்கத்துல அந்த பழைய மரங்க தோப்பாவே நிக்குது. வீட்டு அம்மாவ அமா-லேன்னு கூப்பிட்டோம். சமையல் ரூம் தான் ஹாலும், சுவர் முழுக்க செம்பு பித்தளை பாத்திரம் தேச்சு அடுக்கி வச்சிருக்காங்க, நடுவுல அடுப்பு. சாயங்காலம் அவங்க ஸ்க்யூ செஞ்சாங்க, கோதுமை மாவ நம்ம அம்மிணி கொழுக்கட்டை மாதிரி சின்ன சின்னதா உருட்டி கட்டை விரலால ஒரு அமுக்கு அமுக்கி, டர்னிப் உருளைக்கிழங்கு போட்டு கொதிக்கிற கொழம்புல விடுறாங்க. என்னையும் உருட்ட சொன்னாங்க, நான் அமுக்கினது தடிமனா இருந்தத எடுத்து திரும்ப அமுக்கி போட்டாங்க, தடிமனா இருந்தா நடுவுல வேகாதாம். உயரத்துல பசி எடுக்காதுன்னு சொல்வாங்க, அன்னைக்கு மச்சான் ரெண்டாவது கிண்ணம் கேட்டு வாங்கினாரு, அத பாத்தப்பறம் தான் எனக்கு பயம் போச்சு.

கொறைய சொல்லணும்னா, யங்தாங் வீட்ல போர்வை ஈரவாடை, ரெண்டு போத்தியும் குளிர் விடல, ஸ்லீப்பிங் பேக் உள்ள விரிக்கற லைனர் ஒண்ணு எடுத்துட்டு போங்க. மத்தியானத்துக்கு கட்டிக்குடுக்கறது மூணு நாளும் ஒரே மாதிரி, ரொட்டி, முட்டை, ஒரு ஜூஸ் பாக்கெட். டாய்லெட் எல்லாம் தண்ணி இல்லாத லடாக்கி டாய்லெட், மண்ணு தள்ளி மூடணும், சுத்தமா தான் இருந்துச்சு, ஆனா பெரியவங்கள கூட்டிட்டு போறவங்க தெரிஞ்சிட்டு போங்க. பல எடத்துல இப்ப ரோடு வந்துடுச்சு, நடுநடுவுல ரோட்டோரமா நடக்க வேண்டி வருது, ஆள் அரவமே இல்லாத மலை வேணும்னு வர்றவங்களுக்கு பிடிக்காது. எங்களுக்கு ராத்திரிக்கு தலைக்கு 1,500 ரூபா ஆச்சு, மூணு வேளை சாப்பாடு சேத்து, கைடும் காரும் தனி.

இன்னொன்னும் சொல்லிடறேன். ஷாம் வேலில படுக்குற உயரம் லே மாதிரியே தான், தெமிஸ்கம் லே-ய விட கீழ. அப்ப இதுல என்ன பழகுதுன்னு மச்சானே கேட்டாரு. நாள் பழகுது, அது தான் முக்கியம், அதோட கால் நடந்து பழகுது, மூச்சோட அளவு தெரியுது, உடம்புல என்ன மாறுதுன்னு ஆபத்து இல்லாத எடத்துல பாத்துக்க முடியுது. ஏதாவது ஆனா ரோடு பக்கம், கார் வரும், லே-ல எஸ்என்எம் ஆஸ்பத்திரி இருக்கு. நிமாலிங்ல அந்த வசதி எதுவும் கெடையாது. ரத்தத்துல ஆக்சிஜன் எத்தன சதவீதம்னு விரல்ல மாட்டி பாக்குற ஆக்சிமீட்டர் கைல இருந்துச்சு, லே எறங்கின அன்னைக்கு எனக்கு 86, ஆறாவது நாள் 92. ஒரு நாள் காலைல மச்சானுக்கு 74 காட்டிடுச்சு, எனக்கு வயித்த கலக்கிடுச்சு, ஆச்சோ-லே அவர் கைய ரெண்டு உள்ளங்கைக்குள்ள வச்சு தேச்சு சூடாக்கி திரும்ப போட்டாரு, 90. விரல் சில்லுன்னு இருந்தா மெஷின் தப்பா காட்டும், நம்பர பாக்குறதுக்கு முன்னாடி ஆள் முகத்த பாருங்கன்னாரு.

நிறைய பேரு கேக்குறது, கொடைக்கானல்ல ஒரு வாரம் இருந்துட்டு போனா போதுமான்னு. கொடைக்கானல் 2,100 மீட்டர், ஊட்டி 2,240, தொட்டபெட்டா உச்சியே 2,637 தான். கால் பலத்துக்கு நல்லது, ஏற்காடு கொல்லிமலை எங்க வேணா நடங்க, ஆனா லே உயரத்துக்கு அது பழக்கம் ஆகாது, ஊருக்கு திரும்பி வந்து பத்து நாள் இருந்தா இருக்கறதும் போயிடும். டைம் இருக்கறவங்க ஸ்ரீநகர்ல இருந்து ரோட்டுல வாங்க, சோனமார்க்லயும் கார்கில்லயும் ராத்திரி தங்கி வந்தா மெதுவா ஏறும். மணாலி வழியா வந்தா சர்ச்சூல 4,200க்கு மேல படுக்க வச்சிடுவாங்க, முத தடவ வர்றவங்களுக்கு அத நான் சொல்லமாட்டேன், கட்டாயம் அந்த வழின்னா ஜிஸ்பால ரெண்டு ராத்திரி நின்னுட்டு வாங்க.

மார்க்கால எப்படி இருந்துச்சுன்னா, தச்சுங்ட்சேல நல்ல தூக்கம், நிமாலிங்ல லேசா தலவலி ஒரு மணி நேரம், அவ்வளவு தான். மச்சான் டென்ட் வாசல்ல உக்காந்து ஷூ லேச அவுத்தாரு, நான் அவர் விரலையே பாத்துக்கிட்டு நின்னேன், அவருக்கும் தெரியும் நான் எதுக்கு பாக்குறேன்னு, ஷூவ கழட்டி ஓரமா வச்சிட்டு "மாப்ள, சூப் வாங்கிட்டு வா"ன்னாரு. மறுநாள் காலைல பத்து மணிக்கு கோங்மாரு லா மேல நின்னோம், 5,200 மீட்டர்.

ஷாம் வேலி நடைக்கு என் மார்க் அஞ்சுக்கு நாலரை, அரை மார்க் போர்வைக்கு போச்சு. போறவங்களுக்கு ரெண்டு விஷயம்: வெளி மாநில ப்ரீபெய்டு சிம் லடாக்ல எடுக்காது, போஸ்ட்பெய்டு ஒண்ணு வச்சிக்கங்க. ஆகஸ்ட் கடைசி செப்டம்பர்ல பார்லி அறுவடை, வீட்டு ஆளுங்க எல்லாம் வயல்ல இருப்பாங்க, கதவு சாத்தியிருந்தா ஆள் இல்லன்னு திரும்பிடாதீங்க, வயல் பக்கம் போய் ஜூலேன்னு (லடாக்கில வணக்கம்) ஒரு குரல் குடுங்க, யாராவது வந்து தெறந்து விடுவாங்க.