மவுரிட்ஸ்ஹவுஸ், தி ஹேக்: கம்மல் போட்ட பொண்ண பாக்கப் போயி குருவிக்கிட்ட மாட்டிக்கிட்டேன்

பெரிய மியூசியம்னாலே எனக்கு பாதியிலயே கால் கெஞ்ச ஆரம்பிச்சிடும், அதுக்கப்புறம் எந்தப் படத்தப் பாத்தாலும் எல்லாம் ஒண்ணு போலத்தான் இருக்கும். என்னை மாதிரி ஆளுங்களுக்கு நெதர்லாந்துல இந்த மவுரிட்ஸ்ஹவுஸ் ஓவிய மியூசியத்தவிட தோதான இடம் இல்ல. மொத்தமே 16 ரூம், நிதானமா பாத்தாலும் ரெண்டு மணி நேரம். ஆம்ஸ்டர்டாம்லருந்து ரயில்ல ஒரு மணி நேரம் கூட ஆகாது, தி ஹேக் சென்ட்ரல்ல எறங்கி பத்து நிமிஷம் நடந்தா குளத்துக்கு பக்கத்துல நிக்குது. பிரேசில்ல டச்சுக்காரங்களோட கவர்னரா இருந்த யோஹான் மவுரிட்ஸ் தனக்குன்னு கட்டுன வீடுதான் இது, அங்க இருந்த சர்க்கரைத் தோட்டமெல்லாம் அடிமைங்க உழைப்புல ஓடுனதுங்குறதையும் ஞாபகம் வச்சுக்கிட்டே உள்ள போங்க.

எல்லாரும் நேரா ஓடுறது டச்சு ஓவியர் வெர்மீரோட முத்துக் கம்மல் பொண்ணு படத்துக்கிட்டதான், நானும் ஓடுனேன். கூட்டம் இருக்கும், போன தூக்கிக்கிட்டு நிப்பாங்க, கொஞ்சம் பொறுத்தா முன்னாடி போயிடலாம். கிட்டப் போயி கம்மல பாருங்க. காதுல மாட்டுற கொக்கியே கெடையாது, ரெண்டு மூணு வெள்ளைத் தீத்தல்தான், மீதிய நம்ம கண்ணே முத்துன்னு முடிவு பண்ணிக்குது. பின்னாடி இருக்குற கறுப்பு கூட மொதல்ல பச்சைத் திரையா இருந்ததாம், 2018ல ஸ்கேன் பண்ணி கண்டுபிடிச்சாங்க, நிறம் மங்கி இப்படி ஆயிடுச்சு. தலைத்துணியோட நீலம் ஆப்கானிஸ்தான்லருந்து வந்த லாபிஸ் லசூலி கல்ல அரைச்சு எடுத்தது, அவ்ளோ விலை உயர்ந்த சாயத்த தாராளமா பூசுன மனுஷன் 1675ல 43 வயசுல சாகும்போது வீட்டுக்கு கடன்தான் மிச்சம். 1881ல இதே ஊர்ல நடந்த ஏலத்துல இந்தப் படம் போன விலை ரெண்டு கில்டர் (பழைய டச்சுக் காசு), கமிஷன் 30 சென்ட். அழுக்கேறிப் போயி யாரும் கண்டுக்கல.

ஆனா உண்மையச் சொன்னா நான் அங்க அஞ்சு நிமிஷத்துக்கு மேல நிக்கல. என்ன நிறுத்தி வச்சது ஃபாப்ரிட்டியஸ் 1654ல வரைஞ்ச கோல்ட்ஃபின்ச் குருவி. ஒரு நோட்டுப் புத்தகத்தவிட கொஞ்சம் பெருசு, அவ்ளோதான். வெள்ளைச் சுவர், தீனிப் பெட்டி, குருவி, கால்ல மெல்லிசா ஒரு சங்கிலி. அந்தக் காலத்துல இந்தக் குருவிய பிடிச்சு, அங்குஸ்தான் சைஸ் வாளியில தானே தண்ணி மொண்டு குடிக்கப் பழக்குவாங்களாம், டச்சுல அதுக்கு பேரே தண்ணி இறைக்கிறவன்ங்குற மாதிரிதான். தூரத்துலருந்து பாத்தா உசுரோட உக்காந்திருக்கு, பக்கத்துல போனா வெறும் பிரஷ் இழுப்பு, றெக்கையில மஞ்சள் ஒரே தீத்தல். வரைஞ்சவரு ரெம்ப்ராண்ட்கிட்ட படிச்ச ஆளு, இத வரைஞ்ச அதே வருஷம் அக்டோபர் 12ம் தேதி டெல்ஃப்ட் ஊர்ல வெடிமருந்துக் கிடங்கு வெடிச்சு ஊர்ல பாதிக்குப் பாதி இல்லேன்னாலும் கால்வாசி போச்சு, அதுல இவரும் செத்துட்டாரு, 32 வயசு. ஸ்டுடியோவும் போச்சு, மிஞ்சுனது ஏறக்குறைய ஒரு டஜன் படம். இத தெரிஞ்சுக்கிட்டு திரும்ப அந்தச் சங்கிலியப் பாத்தா ஒரு மாதிரி ஆயிடுச்சு.

அப்படியே போயி வெர்மீரோட 'டெல்ஃப்ட் காட்சி'யப் பாருங்க. அதே ஊரு, வெடிச்சு ஆறேழு வருஷம் கழிச்சு. முன்னாடி மேகத்தோட நிழல்ல கிடக்கு, பின்னாடி சர்ச் கோபுரத்துல மட்டும் வெயில். கோபுரத்துல மணி இருக்காது, அப்ப மணிய மாத்திக்கிட்டு இருந்தாங்க, அத வச்சுத்தான் எந்த வருஷம் வரைஞ்சதுன்னே கணக்குப் போடுறாங்க. என் ஓட்டு கம்மல் பொண்ணுக்கு இல்ல, இதுக்குத்தான்.

மாடு பிடிச்சவங்க பவுலஸ் பாட்டர் வரைஞ்ச காளைய விட்டுடாதீங்க. 1647ல வரைஞ்சது, அப்ப அவருக்கு வயசு 21தான். படம் மூணு மீட்டருக்கு மேல அகலம், காளை நிஜ சைஸு, மேல ஈ மொய்க்குது, கீழ சாணி கெடக்கு. மாடு வளர்த்தவங்க கொஞ்ச நேரம் பாத்தா திருட்டு தெரிஞ்சிடும், வேற வேற வயசு மாடுங்கள பாத்து ஒண்ணா ஒட்ட வச்சிருக்காரு. பிரெஞ்சுக்காரங்க பாரிஸுக்கே தூக்கிட்டுப் போயி 1815லதான் திரும்ப வந்துச்சு.

ரெம்ப்ராண்டோட டாக்டர் டுல்ப் படமும் இங்கதான், 1632, ரெம்ப்ராண்டுக்கு அப்ப 25 வயசு. தூக்குல போட்ட திருடனோட உடம்ப டாக்டர் டுல்ப் அறுத்துக் காட்டுற சீன், நெஜத்துல வயித்துலருந்துதான் ஆரம்பிப்பாங்க, படத்துல கையிலருந்து ஆரம்பிக்குது. சாப்பிட்ட உடனே பாக்காதீங்க.

மியூசியத்தோட ஆப்-ப முன்னாடியே போன்ல போட்டுக்கோங்க, ஹெட்ஃபோன் கொண்டு போங்க. திங்கக்கிழமை மதியம் 1 மணிக்குத்தான் திறப்பாங்க. வெளிய ஒரு கடையில குடிச்ச காபிக்கு 5க்கு 1 கூட தரமாட்டேன், படங்களுக்கு 5க்கு 5. எல்லாரும் கம்மல் பொண்ணு மேக்னட் வாங்குனாங்க, நான் குருவி போஸ்ட்கார்ட் ரெண்டு வாங்கிட்டு வந்தேன், ஒண்ணு ஃபிரிட்ஜ் மேல இருக்கு.