ஹாரட்ஸா, ஃபோர்ட்னமா, பரோ மார்க்கெட்டா?

ஊரிலிருந்து லண்டன் வருகிறவர்கள் கையில் ஒரு பட்டியல் இருக்கும். அதில் ஹாரட்ஸ் என்ற பெரிய பல்பொருள் கடை நிச்சயம் இருக்கும். "உள்ளே சாப்பாட்டுப் பகுதி பிரமாதமாமே, கூட்டிட்டுப் போறியா?" என்று என் அத்தையும் வந்து இறங்கிய மறுநாளே கேட்டார். கூட்டிப் போனேன். கூடவே பிக்காடில்லியில் உள்ள ஃபோர்ட்னம் அண்ட் மேசன் என்ற உணவுக் கடைக்கும், தேம்ஸின் தென்கரையில் உள்ள உணவுச் சந்தையான பரோ மார்க்கெட்டுக்கும் அதே நாளில் போனோம். விலை கூடிய உணவுப் பொருளை வாங்கும் முன் ருசி பார்க்கக் கிடைக்க வேண்டும். அது எங்கே, யார் கையில் உருவானது என்று விற்பவருக்குச் சொல்லத் தெரிய வேண்டும். இந்த இரண்டையும் வைத்துத்தான் நான் மூன்றையும் எடை போடுகிறேன்.

ஹாரட்ஸ் கண்ணுக்கு விருந்து. இதில் அதை அடித்துக்கொள்ள ஆளில்லை. பழைய இறைச்சிக் கூடத்தின் சுவர்களை அண்ணாந்து பாருங்கள். நீட்பி என்ற கலைஞர் 1900-களின் தொடக்கத்தில் வடிவமைத்த டௌல்டன் நிறுவனப் பீங்கான் ஓடுகள். வட்ட வட்டமான சட்டங்களுக்குள் வேட்டைக் காட்சிகள். இப்போது அந்தக் கூடத்தில் கவுண்டர்களைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். ரொட்டி, காய்கனி, சாக்லேட் என ஒவ்வொன்றுக்கும் தனிக் கூடம். ஆனால் நண்பகலுக்கு மேல் போனால் வாங்குகிறவர்களைவிடப் படம் எடுக்கிறவர்கள்தான் அதிகம். அந்த நெரிசலில் ஒரு பொருளைப் பற்றி நின்று நிதானமாகக் கேட்க மனம் வருவதில்லை. அங்கிருந்து வீட்டுக்கு எதையாவது எடுத்துப் போகத்தான் வேண்டும் என்றால், பெயர் அச்சிட்ட பிஸ்கட் டின்னை விட்டுவிட்டு அன்று சுட்ட ரொட்டியை வாங்குங்கள். சாக்லேட்டுக்கு இந்த நாட்டில் 20 சதவீத வாட் வரி உண்டு. ரொட்டிக்கும் தேயிலைக்கும் வரி கிடையாது. வெளிநாட்டுப் பயணிகளுக்கு அந்த வரியைத் திருப்பித் தரும் ஏற்பாடும் 2021-லேயே நின்றுபோயிற்று.

ஃபோர்ட்னம் இன்னும் பழசு. 1707-ல் தொடங்கியது. ஆன் அரசியின் அரண்மனையில் ஏவலராக இருந்த வில்லியம் ஃபோர்ட்னம், பாதி எரிந்த மெழுகுவத்திகளைச் சேர்த்து விற்று முதல் திரட்டினார் என்பது கடை தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் கதை. ஹக் மேசன் அவருக்கு வீடு வாடகைக்கு விட்டவர். கடை வாசலுக்கு மேலே 1964-ல் வைத்த கடிகாரத்தில் இருவரும் பொம்மைகளாக மணிக்கொரு தரம் வெளியே வந்து, ஒருவருக்கொருவர் தலை வணங்கிவிட்டு உள்ளே போகிறார்கள். எதிர்ப்புற நடைபாதையில் நின்றால்தான் நன்றாகத் தெரியும்.

இங்கே வாங்க வேண்டியது தேயிலைதான். ஹாரட்ஸிலும் தேயிலை உண்டு, ஆனால் ஃபோர்ட்னமில் அதற்கென்று நிற்கிறவர்களுக்கு விஷயம் தெரியும். பால் ஊற்றிக் குடிப்பீர்களா, வெறும் டிகாக்‌ஷனா என்று கேட்டுவிட்டுத்தான் கை நீட்டுகிறார்கள். ராயல் பிளெண்ட் என்பது 1902-ல் ஏழாம் எட்வர்டுக்காக அசாம் தேயிலையையும் இலங்கைத் தேயிலையையும் சேர்த்துக் கலந்தது. நம் வீட்டுப் பால் டீக்கு அது கச்சிதமாகப் பொருந்தும். இலங்கைத் தேயிலைத் தொழிலே தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறிப் போன கூலித் தொழிலாளர்களின் முதுகில் எழுந்தது. வெளிர்பச்சை டின்னைக் கையில் எடுக்கும்போதெல்லாம் எனக்கு அரசரைவிட அவர்கள் நினைவுதான் வருகிறது. 20 பவுண்டுக்கு ஒரு நல்ல டின் கிடைக்கும். ஊரில் யாருக்குக் கொடுத்தாலும் மதிப்பான பரிசு. உணவுப் பொருள் அடுக்கிய பிரம்புக் கூடைகளைப் பார்த்து மயங்க வேண்டாம். உள்ளே இருப்பதில் பாதியை நம் வீட்டில் யாரும் தொடமாட்டார்கள். சைவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: கிறிஸ்துமஸ் புட்டிங்கில் மாட்டுக் கொழுப்பு சேர்ப்பது இந்த ஊர் வழக்கம். 'சூயட்' என்று இருந்தால், அது தாவரக் கொழுப்பா என்று உள்ளடக்கப் பட்டியலைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

என் மனம் நிற்பது பரோ மார்க்கெட்டில்.

மேலே ரயில் பாலம், பக்கத்தில் சதர்க் தேவாலயம். ரயில் கடக்கும்போது பேச்சை ஒரு நொடி நிறுத்திவிட்டுத் தொடர்கிறார்கள். தெருவில் நெரிசல் தாங்கவில்லை என்று 1754-ல் நாடாளுமன்றமே சட்டம் போட்டு இந்தச் சந்தையை மூட முடிவு செய்தது. வட்டாரத்து மக்கள் 6,000 பவுண்டு திரட்டிப் பக்கத்திலேயே நிலம் வாங்கி, 1756-ல் சந்தையை மறுபடி நிலைநிறுத்தினார்கள். இன்றும் அறக்கட்டளைதான் நடத்துகிறது. சூப்பர் மார்க்கெட்டுகள் வந்த பிறகு மொத்த வியாபாரம் படுத்து, 1990-களின் கடைசியில் சீஸ்காரர்களும் ஸ்பெயின் நாட்டுச் சரக்கு விற்பவர்களும் வந்துதான் சந்தை மீண்டும் எழுந்தது. இன்னொரு செய்தி: ஹாரட்ஸை நிறுவிய சார்லஸ் ஹென்றி ஹாரட் 1824-ல் முதல் கடை போட்டது சந்தைக்குப் பக்கத்துத் தெருவான பரோ ஹை ஸ்ட்ரீட்டில்தான். துணிக்கடை.

சந்தையை ஒட்டிய பார்க் தெருவில் நீல்ஸ் யார்டு டெய்ரி இருக்கிறது. ஆளுயரத்துக்கு அடுக்கிய சீஸ் வட்டுகள், குளிர்ந்த ஈரக் காற்று, மண்ணும் பாலும் கலந்த ஒரு வாசனை. விற்பவர் கத்தியால் ஒரு கீற்று சீவி, கத்தி முனையிலேயே நீட்டினார். துணி சுற்றி முதிரவைத்த சாமர்செட் செடார். முதலில் உப்பு, பிறகு வறுத்த கடலை மாதிரி ஒன்று, கடைசியில் நாக்கோரத்தில் ஒரு சுள்ளென்ற புளிப்பு. அடுத்தது நீலப்பூசணம் ஓடிய ஸ்டிச்சல்டன். பார்க்க ஸ்டில்டன் என்ற பிரபல சீஸ் போலவே இருந்தும் ஏன் வேறு பெயர் என்று கேட்டேன். ஸ்டில்டன் என்று பெயர் போட பாஸ்டுரைஸ் செய்த பாலில், மூன்றே மாவட்டங்களுக்குள் செய்திருக்க வேண்டும். இது பச்சைப் பாலில் செய்தது, அதனால் அந்தப் பெயர் கிடையாது என்றார். ஸ்டில்டன் என்ற ஊரே அந்த மூன்று மாவட்டங்களுக்கு வெளியே இருக்கிறது!

அத்தை சுத்த சைவம். "இதுல என்ன சேர்க்கிறாங்கன்னு கேளு" என்றார். நியாயமான கேள்வி. பாலைத் திரியவைக்கும் ரென்னெட் பல சீஸ்களில் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுப்பது. அசல் பார்மசானில் அதுதான் விதியே. கடைக்காரர் யோசிக்கவே இல்லை. அத்தைக்குச் சீவி வைத்திருந்த துண்டை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, தாவர ரென்னெட்டில் செய்த ஒன்றைக் காட்டினார். மூன்று இடங்களையும் அலசினால் எனக்கு அந்த ஒரு நிமிடத்துக்கு ஈடாக மற்ற இரண்டிலும் எதுவும் இல்லை.

பரோவிலும் குறை உண்டு. சனிக்கிழமை உள்ளே நகர முடியாது. சாக்லேட் ஊற்றிய ஸ்ட்ராபெரிக்கு நிற்கும் வரிசை வழியையே அடைத்துவிடுகிறது. விலையும் சந்தை விலை என்று நினைத்து வந்தால் ஏமாற்றம்தான். உட்கார இடம் கிடைப்பது குதிரைக் கொம்பு. வயதானவர்களைக் கூட்டி வந்தால் தேவாலய முற்றம்தான் கதி. அந்த வகையில் ஃபோர்ட்னம் மேல்.

செல்ஃப்ரிட்ஜஸ் என்ற இன்னொரு பெரிய கடை? ஆக்ஸ்ஃபோர்டு தெருவுக்கு வேறு வேலையாகப் போனால் எட்டிப் பாருங்கள், தனியாகப் போக வேண்டியதில்லை.

மூன்றையும் பார்க்கிறவர்கள் பரோவில் தொடங்குங்கள், காலை 10 மணிக்கு, வார நாளில். திங்கட்கிழமை வேண்டாம், அன்று சந்தை விடுமுறை. லண்டன் பிரிட்ஜ் நிலையத்தில் ஜூபிலி தடத்துச் சுரங்க ரயில் ஏறினால் நான்காவது நிறுத்தம் கிரீன் பார்க். அங்கிருந்து ஃபோர்ட்னமுக்கு நடை. மறுபடி கிரீன் பார்க் வந்து பிக்காடில்லி தடத்தில் இரண்டாவது நிறுத்தமான நைட்ஸ்பிரிட்ஜில் இறங்கினால் ஹாரட்ஸ். கால் வலித்தால் இந்தக் கடைசிக் கட்டத்தை விட்டுவிடலாம்.

அத்தை ஊருக்கு இரண்டு டின் தேயிலை எடுத்துப் போனார். சீஸையும் எடுத்துப் போவதாகத்தான் இருந்தது. கிளம்புவதற்கு முந்தின இரவு பெட்டி கட்டும்போது பார்த்தால், ஃப்ரிட்ஜில் அதைச் சுற்றியிருந்த காகிதம் மட்டும் மடித்து வைக்கப்பட்டிருந்தது.